வலக்கண்ணை மூடினால் எழுத்தே இல்லை

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் எங்கள் கண்ணாடிக் கடைக்கு ஒரு தாய் மூத்த மகளை அழைத்து வந்தார். கூட வந்த தங்கை தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிப்பவள். தானும் நாற்காலியில் உட்காருவேன் என்று அடம்பிடித்தாள்.

இடக்கண்ணை மூடினேன். கடைசி வரிவரை மணிமணியாகப் படித்தாள். வலக்கண்ணை மூடியதும் தலையைச் சாய்த்து, மறைப்பு அட்டையின் ஓரத்தால் எட்டிப் பார்த்தாள். நேராக உட்காரச் சொன்னேன். "எழுத்தே இல்லையே அங்கிள்" என்றாள். தாய் திகைத்துப்போனார். கீழே விழுந்த ஊசியைக்கூட எடுத்துக் கொடுக்கும் பிள்ளையாம்! எடுத்துக் கொடுத்ததெல்லாம் வலக்கண்.

கண்ணின் நீளம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரு பங்கை கண்ணின் முன்னால் இருக்கும் தெளிந்த படலமான கார்னியா செய்கிறது; மீதியை உள்ளே இருக்கும் லென்ஸ் பார்த்துக்கொள்கிறது. கண் 1 மில்லிமீட்டர் நீண்டாலே சுமார் இரண்டரை, மூன்று பவர் அளவுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளை டிவிக்கு அருகில் போய் நிற்கும், கண்ணைச் சுருக்கும், வீட்டில் கண்டுபிடித்துவிடுவார்கள். நாற்பது வயதுக்குமேல் லென்ஸ் விறைத்து வெள்ளெழுத்து வந்தால், நாளிதழை எட்டப் பிடிக்கும் கையே சொல்லிவிடும்.

இவளுக்கு இருந்தது தூரப்பார்வை, அதுவும் ஒரு கண்ணில் அதிகம். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, லென்ஸை இயக்கும் தசையைத் தளர்த்திச் சோதித்தார். வலக்கண்ணில் கூட்டல் 1 பவர், இடக்கண்ணில் கூட்டல் நாலரை. தூரப்பார்வை உள்ள கண்ணில் உள்ளே இருக்கும் லென்ஸ் கூடுதலாக முயன்றால்தான் படம் தெளியும். இரண்டு லென்ஸும் ஒரே அளவுதான் முயலும். வலக்கண்ணுக்குப் போதுமான முயற்சி இடக்கண்ணுக்குப் போதாது. அங்கிருந்து எப்போதும் மங்கலான படமே வர, மூளை அதை ஒதுக்கப் பழகிவிடுகிறது. இதைச் 'சோம்பேறிக் கண்' என்பது எனக்குப் பிடிப்பதில்லை. அந்தக் கண்ணுக்குத் தெளிவான படம் கிடைத்ததே இல்லை. அதை எப்படிச் சோம்பேறி என்பது?

கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை நாளுக்கு 2 மணி நேரம் ஒட்டுப்பட்டையால் மூடச் சொன்னார் மருத்துவர். கேரட் தின்றால் இது சரியாகாது. 7 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதற்காகப் பத்து வயதுப் பிள்ளையைக் கைவிட்டுவிடவும் கூடாது. பெண்பிள்ளைக்குக் கண்ணாடியா என்று பாட்டி வருந்தினாராம். மூன்றாம் மாதம் இடக்கண்ணால் நான்கு வரி படித்தாள்.

பாலர் பள்ளியில் சேர்க்கும்போதே இரு கண்களையும் தனித்தனியே சோதித்துவிடுங்கள். அதற்குமுன் வீட்டில் ஒருமுறை நாள்காட்டியைக் காட்டிப் பாருங்கள். பிள்ளையின் கையால் மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்த்துவிடும். உங்கள் உள்ளங்கையால், அழுத்தாமல் மூடுங்கள்.