சிமுலேஷன் – ஒப்பியக்கம்

வேலூர்ப் பக்கம் ஒரு கழனியில் போர் போட்டால், பக்கத்துக் கழனிக்காரருக்கு வரும் முதல் கவலை, "எங்க கிணத்துத் தண்ணி இறங்கிடுமா?" என்பதுதான். நிலத்தைத் தோண்டாமலே அதற்குக் கணினியில் விடை தேடுவதை நீரியலார் 'கிரவுண்ட்வாட்டர் சிமுலேஷன்' என்கிறார்கள்.

'ஒத்த' என்று பொருள்படும் இலத்தீன் சொல் 'சிமிலிஸ்'. அதன் வழிவந்த இந்தச் சொல் ஆங்கிலத்தில் நெடுங்காலம் பாசாங்கு என்ற பொருளிலேயே வழங்கியது. அறிவியல் பொருள் ஏறியது இருபதாம் நூற்றாண்டில்தான்.

தமிழில் 'உருவகப்படுத்துதல்' என்று எழுதுகிறார்கள். உருவகம் என்றதும் அணியிலக்கணம்தான் நினைவுக்கு வருகிறது. 'பாவனை' என்றால் பழைய பாசாங்கே திரும்பிவிடும். இலங்கைத் தமிழில் அதற்குப் பயன்பாடு என்றும் பொருள். 'மாதிரி' நல்ல சொல், ஆனால் அது 'மாடல்' என்பதற்கு உரியது. நிலத்தைக் கணக்காக எழுதி வைப்பது மாதிரி. அதை ஓட்டிப் பார்ப்பது சிமுலேஷன். ஒப்பு, இயக்கம் இரண்டும் சேர்ந்த 'ஒப்பியக்கம்' பொருந்தும் என்பது என் கருத்து.

சரி, எதை இயக்குகிறோம்? நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுழையும் நீர், வெளியேறும் நீர், தங்கும் நீர் மூன்றையும் கணினி கணக்கிடும். நீர்மட்டச் சரிவு கூடினால் ஓட்டமும் கூடும் என்று பிரான்சின் ஆன்ரி தார்சி 1856-இல் வெளியிட்ட விதிதான் அடிப்படை. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் 'மோட்ஃப்ளோ' இதற்குப் பெயர்பெற்ற மென்பொருள். மோட்டார் ஓடும்போது கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் கூம்பாகக் குழியும். இதை 'இறக்கக் கூம்பு' எனலாம். கிணற்றை நெருங்க நெருங்கச் சரிவு கடுமையாகும் என்பதால் அங்கே கட்டங்களைச் சிறிதாக்குவார்கள். பெரிய கட்டம் சராசரி மட்டத்தையே காட்டும். கிணற்றுக்குள் நீர் அதைவிடக் கீழே கிடக்கும்.

வடாற்காட்டில் இன்னும் கவனம் வேண்டும். பாலாற்று மணலில் நீர் தாராளமாக ஓடும். ஆற்றை விட்டு விலகினால் கடினப் பாறை. மேலே மட்கிய அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் நீர். நிலம் நீரை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பதற்கு இரண்டிலும் ஒரே எண்ணைக் கொடுத்து ஓட்டினால் விடை தப்பும்.

அப்புறம், கிணற்றின் அகலம். நீர் இறைக்கும்போது மட்டம் இறங்குவதை வைத்து அந்த எண்ணைக் கண்டறிய உதவும், 1935-இல் சார்லஸ் தைஸ் தந்த சூத்திரம் கிணற்றுக்குள் தேங்கிய நீரைக் கணக்கில் எடுப்பதில்லை. போருக்கு அது பெரிதாக உறுத்தாது. நம் ஊர் அகன்ற திறந்தவெளிக் கிணற்றில் மோட்டார் போட்டதும் முதலில் ஏறுவது உள்ளே நின்ற தண்ணீர்; ஊற்றுக்கண் தருவது பிறகுதான். 1967-இல் பாபடோபுலோஸ், கூப்பர் இருவரும் அந்தத் தேக்கத்தையும் சேர்த்துத் தீர்வு கண்டார்கள். அதை விட்டுவிட்டால் தொடக்க இறக்கத்தைப் பாறையின் குணமென்று தவறாகப் படித்து, அந்தத் தப்பான எண்ணையே ஒப்பியக்கத்துக்குள் அனுப்பிவிடுவோம்.