மெதுவாக ஓடும் ஏ.சி. ஏன் குறைவாகச் செலவழிக்கிறது?

"எங்கள் வீட்டு ஏ.சி.க்கு 14 வயதாகிறது. இன்னும் நன்றாகத்தான் குளிர்கிறது. ஆனாலும் பார்ப்பவர்கள் எல்லாம் இன்வெர்ட்டர் ஏ.சி.க்கு மாறச் சொல்கிறார்கள். அதே அறை, அதே வெயில். வெளியேற்ற வேண்டிய வெப்பமும் அதே அளவுதானே? பிறகு மின்சாரம் மட்டும் எப்படிக் குறையும்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் ஏ.சி.யிலும் வெப்பத்தின் அளவு மாறுவதில்லை. அதைத் தூக்க வேண்டிய உயரம் குறைகிறது. இதைப் போல மனதுக்கு நிறைவு தரும் பொறியியல் வீட்டுச் சாதனங்களில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உள் யூனிட்டின் காயிலுக்குள் (சுருள் குழாய்க்குள்) குளிரூட்டும் திரவம் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்திச் சூடாக்கி வெளி யூனிட்டுக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் திரவமாகி, ஒரு நுண்குழாய் வழியே அழுத்தம் குறைந்து திரும்பி வருகிறது. ஒரு டன் ஏ.சி. என்றால் தொடர்ந்து சுமார் 3.5 கிலோவாட் வீதத்தில் வெப்பத்தை வெளியேற்ற வல்லது என்று பொருள். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தை வைத்து வந்த அளவு இது.

இனி அந்த உயரத்துக்கு வருவோம். அறை 25 டிகிரி, வெளியே 38 டிகிரி. வெப்பம் ஏற வேண்டிய மேடு வெறும் 13 டிகிரி என்றுதான் தோன்றும். ஆனால் அறைக்காற்றின் வெப்பம் காயிலுக்குள் போக வேண்டுமென்றால் காயில் அறையைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். வெளிக்காயிலிலிருந்து வெப்பம் காற்றுக்குப் போக அது வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்க வேண்டும். முழு வேகத்தில் ஓடும் கம்ப்ரசர் உள்காயிலைச் சுமார் 8 டிகிரிக்கு இறக்கி, வெளிக்காயிலை 52 டிகிரிக்கு ஏற்றிவிடும். உண்மையில் எந்திரம் ஏறும் மேடு 44 டிகிரி.

கிணற்றில் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். ஊற்று சுரக்கும் வேகத்தை மிஞ்சி இறைத்தால் நீர்மட்டம் கீழே போய்விடும். அதன்பின் ஒவ்வொரு குடம் தண்ணீரையும் இன்னும் ஆழத்திலிருந்து தூக்க வேண்டும். ஊறுகிற வேகத்துக்கு ஏற்ப நிதானமாக இறைத்தால் மட்டம் மேலேயே நிற்கும். தண்ணீர் அதே அளவுதான், உழைப்பு குறைவு. ஏ.சி.யிலும் இதேதான் நடக்கிறது. கம்ப்ரசரின் வேகத்தைப் பாதியாக்கினால் காயில்கள் நொடிக்குக் கடத்த வேண்டிய வெப்பமும் ஏறத்தாழப் பாதியாகிறது (நிற்காமல் ஓடுவதால் மொத்தம் குறைவதில்லை). காயிலின் பரப்பு மட்டும் குறையவில்லை. பாதி வெப்பத்தைக் கடத்த அதற்குப் பாதி வெப்பநிலை வேறுபாடே போதும். உள்காயில் 16 டிகிரிக்கு அருகில் நிற்கும், வெளிக்காயில் 45-க்கு இறங்கும். மேடு 44-லிருந்து 29 டிகிரியாகிறது!

இதன் ஆதாயத்தைக் கணக்கிடும் வழியை 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ தொடங்கிவைத்த சிந்தனை தருகிறது. குறைகள் ஏதுமற்ற எந்திரம் ஒன்று 44 டிகிரி மேட்டில் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு சுமார் 6.4 யூனிட் வெப்பத்தை ஏற்றும். 29 டிகிரி மேட்டில் ஏறக்குறைய 10 யூனிட்டை ஏற்றும். நிஜ எந்திரங்கள் இதில் பாதியளவைத் தொட்டாலே பெரிது என்றாலும், ஆதாயம் போகும் திசை இதுவே.

பழைய ஏ.சி.யால் ஏன் நிதானமாக ஓட முடியவில்லை? அதன் மோட்டார் மின்கம்பியில் வரும் 50 ஹெர்ட்ஸ் அலைக்குக் கட்டுப்பட்டது. முழு வேகத்தில் ஓடும், இல்லையென்றால் நிற்கும். இன்வெர்ட்டர் என்பது இந்தக் கட்டை அவிழ்க்கும் மின்னணுச் சுற்று. (மின்வெட்டுக்கு உதவும் பேட்டரிப் பெட்டி வேறு.) வரும் மாறுமின்னோட்டத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் புதிய அலையைச் செய்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் இதை ஏ.சி.களில் கொண்டுவந்தது.

என் அறையின் பழைய ஏ.சி.யை மாற்றுவதற்கு முன் அதன் காற்றுவாயில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு ஒரு மாலை முழுக்கக் கவனித்தேன். 12 டிகிரி வரை இறங்கும். பிறகு 'டக்' என்ற ஓசையோடு கம்ப்ரசர் நிற்கும். காற்றாடி மட்டும் சுற்ற, அளவு 25-ஐத் தாண்டி ஏறும். அந்த நேரத்தில் காற்றில் ஈர வாடை அடிக்கும். காயிலில் படிந்திருந்த நீர் மீண்டும் ஆவியாகி அறைக்கே திரும்புகிறது என்பதுதான் அதன் காரணம். செலவழித்துப் பிழிந்தெடுத்த ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய வீண்! புதியதில் அளவு 16-ஐ ஒட்டியே நின்றது. வடிகுழாயில் இரவெல்லாம் சொட்டு நிற்கவில்லை.

இந்த ஆதாயம் முழுவதும் நிதானத்திலிருந்து வருகிறது என்பதால், அவசரப்படுத்தினால் போய்விடும். 16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது ஒரு மூடநம்பிக்கை. பழைய எந்திரத்துக்கு இருந்ததே ஒரு வேகம்தான். புதியதில் 16 என்று வைப்பது அதை நெடுநேரம் உச்ச வேகத்தில் விரட்டுவது. ஆண்டுதோறும் வாயு நிரப்ப வேண்டும் என்பதும் அப்படியே. அந்த வாயு தீர்ந்துபோகிற எரிபொருள் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பித் தருபவரை நம்பாதீர்கள்.

எல்லோருக்கும் மாற்றுவது இலாபமா? நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடும் ஏ.சி. என்றால் அவசரம் இல்லை. அறைக்குப் போதாத ஏ.சி. எப்போதும் உச்ச வேகத்திலேயே ஓடும், அங்கே மிச்சம் குறைவு. தேவைக்கு மிகப் பெரியதை வாங்குவதும் தவறு. இன்வெர்ட்டருக்கும் குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு. அதற்கும் கீழே தேவை போனால் அதுவும் நின்று நின்று ஓடத் தொடங்கிவிடும். பழையது ஒன்றரை டன் என்பதற்காகப் புதியதும் ஒன்றரை டன்னாக இருக்க வேண்டியதில்லை. அறையையும் வெயில் விழும் சுவரையும் பார்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். ஈரத்தைத் தனியாகவும் வெப்பத்தைத் தனியாகவும் நீக்கும் முறைகளுக்கு அரசுகள் ஆய்வுப் பணத்தைத் தாராளமாக ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஈரத்தையும் பிழிய வேண்டும் என்பதாலும் காயிலை இவ்வளவு குளிர வைக்கிறோம். அந்தக் கட்டாயம் நீங்கினால் மேடு இன்னும் தாழும்.

பொருத்தும் நாளில் பக்கத்திலேயே இருங்கள். பழைய செப்புக் குழாய்களுக்குள் கம்ப்ரசரின் பழைய மசகு எண்ணெய் படிந்திருக்கும். முடிந்தால் புதிய குழாய் போடுங்கள். வாயுவைத் திறந்துவிடுவதற்கு முன் வெற்றிடப் பம்பு வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தார்களா என்று பாருங்கள். புதிய வகை எண்ணெய்க்கு ஈரம் ஆகாது.

கழற்றும் பெட்டியில் பெரும்பாலும் ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயு இருக்கும். ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987-இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே உலகம் படிப்படியாகக் கைவிட்டுவரும் வாயு அது. நூறாண்டுக் கணக்கில் அதில் ஒரு கிலோ, ஏறத்தாழ 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இன்று பரவலாக இருக்கும் ஆர்-32-க்கு இந்த எண் 675 அளவில் நிற்கிறது. கழற்றுபவர் வால்வை மூடி வாயுவை வெளி யூனிட்டுக்குள் சேர்த்துவிட்டால் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பார். அந்த யூனிட் பழைய இரும்புக் கடைக்குப் போகும், அங்கே செப்புக்காகக் குழாயை வெட்டும் கணத்தில் முழு வாயுவும் காற்றில் கலந்துவிடும். அதனால் பெட்டி வாசலைத் தாண்டுவதற்கு முன்பே வாயுவைச் சிலிண்டரில் மீட்டெடுக்கும் கருவியோடு வருபவரையே அழையுங்கள்.