மேற்கு ஆஸ்திரேலிய மேலவை: 98 ஓட்டில் உறுப்பினர், அதன் பிறகு வந்த புது முறை

2021 மார்ச் தேர்தலில் மேற்கு ஆஸ்திரேலிய மாநில மேலவைக்கு வில்சன் டக்கர் தேர்வானார். சுரங்க, மேய்ச்சல் மண்டலத்தில் அவருடைய டேலைட் சேவிங் கட்சிக்கு விழுந்த முதல் விருப்ப ஓட்டுகள், அதாவது 1 என்று எண் இட்டவை, மொத்தமே 98. மோசடி எதுவும் இல்லை, அன்றைய சட்டப்படிதான் நடந்தது.

வாக்குச் சீட்டின் குறுக்கே ஒரு கோடு இருக்கும். மேலே கட்சிகள், கீழே வேட்பாளர்கள். பெரும்பாலானோர் மேலே ஒரு கட்சிக்கு 1 போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அந்தக் கட்சி தோற்றால் ஓட்டு அடுத்து யாருக்குப் போகும் என்பதை, கட்சி முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பட்டியல் முடிவு செய்யும். சின்னக் கட்சிகள் பட்டியலில் ஒன்றுக்கொன்று முன்னிடம் கொடுத்துக்கொண்டால் போதும்: ஒவ்வொன்றாக வெளியேற, ஓட்டெல்லாம் மிஞ்சி நிற்பவருக்குச் சேரும். ஓட்டுப் போட்டவருக்கோ தன் ஓட்டு எங்கே போனது என்றே தெரியாது. இது அநியாயம்தான்.

இன்னொரு கோளாறும் இருந்தது. ஆறு மண்டலங்களுக்கும் தலா 6 இடம். சுரங்க மண்டலத்தில் வாக்காளர்கள் சுமார் 70,000 பேர், மாநிலத் தலைநகரான பெர்த்தின் நகர மண்டலம் ஒவ்வொன்றிலும் 4 லட்சத்துக்கும் மேல்.

இரு அவைகளிலும் பெரும்பான்மை பெற்றிருந்த அன்றைய மாநில முதல்வர் மார்க் மெக்கவனின் லேபர் அரசு, 2021 நவம்பரில் இரண்டையும் மாற்றியது. இப்போது மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, 37 இடங்கள். ஏறக்குறைய 2.63% ஓட்டு சேர்ந்தால் ஓர் இடம்.

சரி, ஓட்டை எப்படிப் போடுவது? கோட்டுக்கு மேலே ஒரு கட்சிக்கு 1 போட்டாலே செல்லும். விரும்பினால் 2, 3 என்று மற்ற கட்சிகளுக்கும் தொடரலாம். கீழே போடுவதென்றால் குறைந்தது 20 வேட்பாளர்களுக்கு வரிசை எண் இட வேண்டும். கட்சிப் பட்டியல் ஒழிந்துவிட்டது, நீங்கள் எழுதிய எண்கள் மட்டுமே கணக்கு. அதனால் 1 மட்டும் போட்டு, அந்தக் கட்சி எண்ணிக்கையிலிருந்து வெளியேறிவிட்டால் உங்கள் ஓட்டும் அங்கேயே நின்றுவிடும். நாலைந்து கட்சிகளுக்காவது எண் போடுவது நல்லது.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. பெர்த்துக்கு வெளியே இருப்பவர்களின் குரல் அடங்கிவிடும் என்றன லிபரல், நேஷனல்ஸ் கட்சிகள். கிம்பர்லி போன்ற தொலைதூரப் பகுதிகளுக்கு இந்தக் கவலை நியாயமானதே. தேர்தலுக்கு முன் இது தன் திட்டத்திலேயே இல்லை என்று மெக்கவன் சொல்லியிருந்ததும் கோபத்தைக் கூட்டியது. அவர் அதை வெளிப்படையாகச் சொல்லி ஓட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் ஒருவர் ஓட்டுக்கு இன்னொருவர் ஓட்டைவிடப் பல மடங்கு எடை இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

புது முறையில் முதல் தேர்தல் 2025 மார்ச்சில் நடந்தது. சட்டத்தைக் கொண்டுவந்த லேபருக்கு 16 இடம்தான், மேலவையில் இருந்த பெரும்பான்மை போய்விட்டது. லிபரல் 10, கிரீன்ஸ் 4. மசோதா நிறைவேற, லேபர் இனி மற்றவர்களிடம் பேசித்தான் ஆக வேண்டும்.