சீனக்குடாவில் விமானச் சத்தம்: எந்தச் சட்டம், எந்தக் கந்தோர்

திருகோணமலையின் சீனக்குடா விமான ஓடுபாதையைச் சுற்றிக் கேட்கும் சத்தம் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் இல்லை. தரையில் ஓடும் ஜெனரேட்டருக்கும் கட்டட வேலைக்கும் ஒரு சட்டம். பயணிகள் விமானத்துக்கு இன்னொன்று. விமானப்படையின் பயிற்சி விமானத்துக்கு இரண்டுமே சரியாகப் பொருந்தாது. இதைப் பிரிக்காமல் எழுதும் முறைப்பாடு ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அலைந்துகொண்டிருக்கும்.

தரைச் சத்தத்துக்குத்தான் சட்டம் வலுவாக இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996 மே மாதம் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. சத்தம் கிளம்பும் காணி பிரதேச சபை எல்லைக்குள் இருந்தால் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நகர சபை அல்லது மாநகர சபை எல்லைக்குள் என்றால் 63, 50. பாடசாலை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம், பொது நூலகம், புனித இடம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் 50, 45. காணி எந்தச் சபைக்குள் வருகிறது என்று தெரியாவிட்டால் சோலைவரிப் பற்றுச்சீட்டைப் பாருங்கள், அல்லது கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

இதில் பலர் இடறும் இடம் இரவு என்பதன் கணக்கு. இந்த டெசிபல் வரம்புகளுக்கு இரவு மாலை 6 மணிக்கே தொடங்கிவிடும். மாலை ஏழு மணிக்கு ஓடும் ஜெனரேட்டருக்கு 55 பொருந்தாது, 45தான். கட்டட வேலைக்கு மட்டும் கணக்கு வேறு: காலை 6 முதல் இரவு 9 வரை 75, அதன் பிறகு 50. அளவு எடுப்பது உங்கள் வீட்டு விறாந்தையில் அல்ல, சத்தம் போடும் காணியின் எல்லையில்.

அந்த அளவெடுக்கும் முறையே பறக்கும் விமானத்துக்கு இந்த விதியைப் பயன்படாமல் செய்கிறது. வானில் போகும் விமானத்துக்குக் காணி எல்லை ஏது? அந்த ஒழுங்குவிதிகளில் விமானத்துக்கென்று தனி டெசிபல் வரம்பும் இல்லை. இருந்திருந்தாலும் பயன் குறைவுதான், ஏனென்றால் அந்த எண்கள் நேரத்தின் மீது பரப்பிய சராசரி. ஒரு விமானம் உங்கள் கூரைக்கு மேலே 20 செக்கன் 80 டெசிபலில் போகிறது என்று வையுங்கள். பேச்சு நின்றுவிடும், குழந்தை எழும்பிவிடும். ஆனால் அந்த 20 செக்கனைப் பகலின் 12 மணித்தியாலத்துக்கும் பரப்பினால் சராசரி ஏறக்குறைய 47தான். அப்படிப் பத்துத் தடவை போனால்தான் 57 ஆகும். பத்து முறை தூக்கம் கலைந்த ஆளுக்கு இந்தச் சராசரி ஆறுதல் தராது. ஆகவே விமானத்தைப் பற்றி எழுதும்போது எத்தனை தடவை, எத்தனை மணிக்கு, உச்சம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதுங்கள். கைத்தொலைபேசிச் செயலி காட்டும் எண்ணை ஒரு சைகையாக மட்டும் எடுக்கலாம். அதை யாரும் சான்றாக ஏற்கமாட்டார்கள். அளவீடு செய்து சரிபார்த்த ஒலிமானிதான் வேண்டும்.

விமானம் எவ்வளவு சத்தம் போடலாம் என்பதைச் சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 16ஆவது இணைப்பு வரையறுக்கிறது. ஜெட் விமானமும் பெரிய விமானமும் வகைக்கு வகை மூன்று இடங்களில் அளக்கப்பட்டுச் சான்று பெற வேண்டும். இலங்கையில் இதைப் பார்ப்பது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் அந்த இணைப்பின் மூல ஒப்பந்தமான 1944இன் சிக்காகோ உடன்படிக்கை தன் 3ஆம் உறுப்புரையிலேயே அரச விமானங்களை வெளியே விட்டுவிட்டது. இராணுவ, பொலிஸ், சுங்க விமானங்கள் எல்லாம் அரச விமானங்களே. சீனக்குடாவில் ஓடுபாதை விமானப்படையின் கையில் இருக்கிறது. விமானப்படைக் கல்லூரியும் அங்கேதான். ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வந்து தரையைத் தொட்டு மீண்டும் எழும்பும் சிறிய விமானம் பயிற்சி விமானம். அதைப் பற்றிய கடிதம் தளக் கட்டளை அதிகாரிக்குப் போக வேண்டும். பயணிகளோடு வந்து போவதற்கு விமானப் போக்குவரத்து அதிகாரசபை.

கடிதத்தில் "சத்தத்தை நிறுத்துங்கள்" என்று கேட்டால் பதில் வராது. செய்யக்கூடியதைக் கேளுங்கள். ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். வாடைக் காலத்தில் வடகிழக்குப் பக்கமும் கச்சான் வீசும்போது தென்மேற்குப் பக்கமும் எழும்பும் சத்தத்தைக் கூடுதலாக வாங்கும். அதனால் வீடுகளைத் தவிர்த்துத் தண்ணீருக்கு மேலாகத் திரும்பும்படி கேட்கலாம். ஆனால் சத்தத்துக்காக மட்டும் ஓடுபாதைத் திசையை மாற்ற, பின்காற்று 5 நொட்டுக்கும் (நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்) குறுக்குக்காற்று 15 நொட்டுக்கும் மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. அதற்கு மேல் வீசும் நாளில் விமானியைக் குறை சொல்ல முடியாது. பயிற்சிச் சுற்றின் உயரத்தைக் கூட்டச் சொல்லலாம்: உயரம் இரட்டித்தால் நேர் கீழே இருப்பவருக்கு 6 டெசிபல் வரை குறையும். விமானத்தைத் தரையில் நிறுத்தி எஞ்சினை முழு வேகத்தில் சோதிக்கும் வேலையை வீடுகளிலிருந்து தள்ளிய இடத்தில், பகல் நேரத்தில் செய்யச் சொல்லலாம். எங்கள் கணிப்பில், இந்தக் கடைசிக் கோரிக்கைதான் எளிதில் நிறைவேறக்கூடியது. பாதுகாப்பும் கெடாது, செலவும் இல்லை.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெற உங்களுக்கு உரித்து உண்டு. தரைச் சத்தமென்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்டக் கந்தோருக்கும், பிரதி ஒன்று பிரதேச செயலகத்தின் சுற்றாடல் உத்தியோகத்தருக்கும். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சத்தம் வந்த இடம், பாதிக்கப்பட்ட வீடுகள்: இரண்டு வாரத்துக் குறிப்பு போதும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அதிகாரசபை அசையாவிட்டால், பொதுத் தொல்லையென்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம்.

பதில் வராதபோது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விமானப்படையிடம் கேட்கும்போது வார்த்தையில் கவனம் வேண்டும். பயிற்சித் திட்டத்தைக் கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று மறுக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. எஞ்சின் சோதனைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டா, ஒலி அளவீடு எடுத்திருக்கிறார்களா, எடுத்திருந்தால் அதன் பிரதி, என்று கேளுங்கள்.

விரிவாக்கம் என்று ஒரு நாள் வந்தால் அதுவே மிகப் பெரிய வாய்ப்பு. புதிய விமான நிலையம் கட்டுவதும், இருப்பதன் கொள்ளளவை 50 சதவீதமோ அதற்கு மேலோ கூட்டுவதும் 1993இன் வர்த்தமானிப்படி சுற்றாடல் அங்கீகாரம் பெற வேண்டிய திட்டங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்பட்டால், வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். 30 நாட்களுக்குள் எழுத்தில் கருத்தைக் கொடுத்துவிடுங்கள். அதைவிடச் சுருக்கமான ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை மட்டும் என்று முடிவானால், மக்களிடம் கருத்துக் கேட்கும் கட்டாயம் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. ஆகவே எந்த அறிக்கை கேட்கப்படுகிறது என்பதை முதலிலேயே விசாரியுங்கள். விமான நிலையம் இன்று நெருக்கடியில்லாமல் இருக்கும்போதே இதையெல்லாம் பேச வேண்டும். வீடுகள் ஓடுபாதையின் நேர்க்கோட்டில் நிறைந்த பிறகு எந்தச் சட்டத்தாலும் சத்தத்தை நகர்த்த முடியாது.

அந்தக் கோட்டில் காணி வாங்குகிறவர்கள், கட்டட அனுமதிக்கு முன்பே உள்ளூராட்சிச் சபையிடம் உயரக் கட்டுப்பாடு உண்டா என்று கேளுங்கள். வீடு கட்டும்போது சுவரைவிட ஓட்டையில் கவனம் வையுங்கள். பத்துச் சதுர மீற்றர் சுவரில் பத்தில் ஒரு சதுர மீற்றர் திறப்பு இருந்தாலே, சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. நம் வீடுகளில் அந்தத் திறப்பு பெரும்பாலும் கூரைச் சீற்றும் சுவரும் சேரும் இடம். அதை அடைத்து, ஒரு படுக்கையறைக்கு மட்டுமாவது 12 மில்லிமீற்றர் ஜிப்சம் பலகைக் கூரைத்தட்டும் அதன்மேல் 50 மில்லிமீற்றர் கண்ணாடிக் கம்பளியும் போடுங்கள். திருகோணமலை வெயிலில் எல்லாவற்றையும் மூடிவிட்டு இருக்க முடியாது. காற்று வரும் துவாரத்தை ஓடுபாதைக்கு எதிர்ப்பக்கச் சுவரில் வையுங்கள். அது நேராக இல்லாமல் ஒரு வளைவோடு உள்ளே வரட்டும்.