ஏவுகணைச் சோதனை: எதை அளக்கிறோம், எப்போது அளக்கிறோம்?

ஒடிசாவின் தாம்ரா கரைக்கு அப்பால் இருக்கிறது அப்துல் கலாம் தீவு. பழைய பெயர் வீலர் தீவு. அங்கே 2025 ஜனவரி முதல் மார்ச் வரை ஏவுகணைச் சோதனைகளை நிறுத்திவைக்க, பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பான டி.ஆர்.டி.ஓ. ஒப்புக்கொண்டது. அருகிலுள்ள கஹிர்மாதா கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்காக எடுத்த முடிவு அது. அந்த மார்ச்சில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் கஹிர்மாதாவில் கரையேறி முட்டையிட்டன. சோதனையை நிறுத்தியதால்தான் இத்தனை ஆமைகள் வந்தன என்று சொல்ல மாட்டேன். கடல் நீரோட்டம், காற்று, மணல்திட்டின் அகலம் என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ராணுவத் தேவையும் உயிரினங்களின் பருவமும் ஒரே நாட்காட்டியில் உட்கார முடியும் என்று அந்த முடிவு காட்டியது. ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே அளந்து சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுத் துறையில் வேலை செய்கிற எனக்கு அது பெரிய விஷயம்.

ஏனென்றால் எங்கள் வேலையில் பாதித் தவறு நாட்காட்டியில்தான் நடக்கிறது. பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஏதாவது ஒரு பருவத்தில், மூன்று மாதம், காற்று, நீர், மண், உயிரினம் எல்லாவற்றையும் அளந்தால் போதும் என்பது நம் நாட்டு வழக்கம். கஹிர்மாதா போன்ற கரையில் அந்த மூன்று மாதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் ஆமைகள் கடலில் இணைசேரத் திரள ஆரம்பித்திருக்கும். மணலிலோ ஒரு கூட்டமும் ஏறியிருக்காது. கரையில் நடந்து பார்த்தவர் "முட்டையிடும் தடயம் இல்லை" என்று நேர்மையாகவே எழுதுவார். அந்த வரி அப்படியே அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதைப் படிக்கும் நிபுணர் குழு தேதியைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்டு.

தேதிக்கு அடுத்து சராசரி. ஏவுகணை கிளம்பும் சத்தம் ஒரு நிமிடம்தான் கேட்கும். ஓரிடத்தில் 120 டெசிபல் ஒரு நிமிடம் கேட்டது என்று கொள்வோம். 24 மணி நேரச் சராசரியாகக் கணக்குப் போட்டால் அது 88 டெசிபல் ஆகும். வருடம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 63. வண்டிகள் போகும் சாதாரணத் தெருவின் சத்தம் அது! கணக்கில் பிழையே இல்லை. ஆனால் கூட்டில் உட்கார்ந்திருக்கும் கடற்பறவை சராசரியைக் கேட்பதில்லை, அந்த ஒரு நிமிடத்தைத்தான் கேட்கிறது. பயந்து எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும், இல்லை காக்கைக்குப் போகும். அதனால் உச்ச அளவு என்ன, அது எத்தனை விநாடி நீடித்தது, பறவைகள் எவ்வளவு நேரத்தில் கூட்டுக்குத் திரும்பின என்பதெல்லாம் அறிக்கையில் தனியாக வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும்.

சோதனையே இல்லாத நாளிலும் ஒரு தளம் தாக்கத்தை ஏற்படுத்தும். முக்கியமாக, இரவு விளக்கு. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு எந்தப் பக்கம் வானம் வெளிச்சமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையான கரையில் அது கடல் பக்கம்தான். பலமான விளக்கு இருந்தால் குஞ்சு திசைமாறி, களைத்து, நண்டுக்கும் நாய்க்கும் இரையாகும். தீவின் விளக்குகளைக் குறைக்கவும் மறைக்கவும் ஒடிசா வனத்துறை பல வருடங்களாகக் கேட்டு வருகிறது. மஞ்சள் கலந்த ஆம்பர் விளக்கு, தரையை மட்டும் பார்க்கும்படி ஒரு மூடி, தேவைப்படும் நேரத்தில் மட்டும் எரியும் சுவிட்ச். இவ்வளவுதான் விஷயம். ஏவுகணையின் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

அப்புறம் ரசாயனம். திட எரிபொருள் ஏவுகணைகளில் பொதுவாக இருப்பது அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும். எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் அலுமினியம் ஆக்சைடும் வெளிவரும். ஏவுமேடைக்கு அருகே இலைகள் கருகுவதும் மண் புளிப்பதும் முதல் வகையால். கடல் காற்று அதைச் சீக்கிரம் கலைத்துவிடும் என்பதால் நான் அதிகம் கவலைப்படுவது எரியாமல் போன பெர்குளோரேட்டைப் பற்றித்தான். தோற்றுப்போன ஏவுதல், காலாவதியான எரிபொருளை அழிக்கும் குழி, தயாரிக்கும் ஆலையின் கழிவு நீர் என்று அது பல வழிகளில் மண்ணுக்குள் போகும். உப்பு மாதிரி தண்ணீரில் கரைந்து நிலத்தடி நீரோடு வெகுதூரம் பயணிக்கும். உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம்.

அமெரிக்காவின் நெவாடாவில் ஹெண்டர்சன் நகர ஆலைகளிலிருந்து பல பத்தாண்டுகள் கசிந்த பெர்குளோரேட் மீட் ஏரிக்கும் கொலராடோ ஆற்றுக்கும் போனது. 1997-இல் மிகச் சிறிய அளவையும் காட்டும் பரிசோதனை முறை வந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தின் ஆலுவாவில் விண்வெளித் துறையின் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளில் அது மிக அதிகமாக இருப்பதைத் திருவனந்தபுரத்தின் என்.ஐ.ஐ.எஸ்.டி. என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நம் குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தர நிர்ணயத்தில் பெர்குளோரேட் இல்லை. பட்டியலில் இல்லாததை ஆய்வகம் தானாகச் சோதிக்காது. சோதிக்காத தண்ணீர் "வரம்புக்குள் இருக்கிறது" என்றே சான்றிதழ் வாங்கிவிடும்.

இதையெல்லாம் கேட்டால் "பாதுகாப்பு ரகசியம்" என்று ஒரு பதில் வரும். ஏவுகணையின் தூரம், வழிகாட்டும் கருவி, எரிபொருள் கலவையின் விகிதம் எல்லாம் ரகசியமாகவே இருக்கட்டும். அவற்றில் எதுவும் எங்களுக்குத் தேவையில்லை. கிணற்று நீர், மண், ஆமைக் கூடுகளின் எண்ணிக்கை, உச்ச சத்தம், இரவு வெளிச்சம். இவை எந்த எதிரிக்கும் உதவாது. கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து மினிட்மேன் ஏவுகணைகளைச் சோதிக்கிறார்கள். அங்கே கரையோரச் சீல்களையும் ஸ்நோயி பிளவர் பறவைகளையும் கண்காணித்து அறிக்கைகளைப் பொதுவில் வைக்கிறார்கள். நம் நாட்டில் 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தேசப் பாதுகாப்புத் திட்டங்களுக்குப் பொதுவாக மக்கள் கருத்துக் கேட்பிலிருந்துதான் விலக்கு தருகிறது. அளக்க வேண்டாம் என்று அது சொல்லவில்லை. மக்கள் குரல் உள்ளே வராத இடத்தில் அளவீடு இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டாமா?

அந்த மக்கள் சும்மா வேடிக்கை பார்ப்பவர்கள் இல்லை. 2024 ஜூலையில் ஒடிசாவின் இன்னொரு ஏவுகணைச் சோதனைத் தளமான சாந்திப்பூரில் ஒரு சோதனைக்காகச் சுற்றியுள்ள 10 கிராமங்களில் 10,000-க்கும் மேற்பட்டோரைத் தற்காலிகமாக இடம் மாற்றினார்கள். கஹிர்மாதாவில் ஆமைகளுக்காக நவம்பர் முதல் மே வரை மீன்பிடிக்கத் தடை. ஏழு மாதம் வலையைச் சுருட்டி வைக்கும் மீனவரிடம், தளத்தின் விளக்கை மறைக்க முடியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

டி.ஆர்.டி.ஓ. ஒப்புக்கொண்ட மூன்று மாதத்தை மனதார வரவேற்கிறேன். ஆனால் மார்ச்சில் இட்ட முட்டை பொரிய 45 முதல் 50 நாள் ஆகும். குஞ்சுகள் மணலை விட்டு வெளியே வருவது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். மார்ச் 31-உடன் முடிகிற ஏற்பாடு தாய் ஆமைகளைக் காக்கும், குஞ்சுகளைக் காக்காது. அடுத்த முறை இந்த ஒப்பந்தம் எழுதப்படும்போது சோதனை நிறுத்தம் மார்ச்சோடு முடிந்தாலும் பரவாயில்லை, விளக்குக் கட்டுப்பாடாவது மே கடைசி வரை இருக்க வேண்டும். கூடவே, தீவின் மண்ணிலும் சாந்திப்பூர் கிராமக் கிணறுகளிலும் பெர்குளோரேட் எவ்வளவு என்ற முதல் கணக்கை இப்போதே எடுத்து வைக்க வேண்டும். பத்து வருடம் கழித்து ஒப்பிட வேறு எண் கிடைக்காது.