எலிப்சாய்டு முட்டை அல்ல

குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களை டிரோன் வைத்து அளக்கும் பையன்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு தமிழில் வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 'முட்டையுரு'. நசுங்கிய பந்து போன்ற வடிவமான எலிப்சாய்டுக்குத் தமிழாம். காணொளிகளிலும் இதையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 'எல்லெய்ப்சிஸ்' என்றால் கிரேக்கத்தில் குறைவுபடுதல். கூம்பை வெட்டினால் வரும் வளைவுகளில் ஒன்றுக்குக் கிரேக்கக் கணித அறிஞர் அப்போலோனியஸ் அந்தப் பெயரைத் தந்தார். 'ஒய்டு' என்ற ஈறு 'அதுபோன்ற உருவம்' என்று பொருள்படும். எலிப்ஸ் நமக்கு நீள்வட்டம். பள்ளிப் புத்தகச் சொல், யாருக்கும் தகராறில்லை. அதன் முப்பரிமாண வடிவத்துக்கு மட்டும் ஏன் கோழிக்கூண்டுக்குள் கைவிட வேண்டும்?

முட்டைக்கு ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கல். எலிப்சாய்டில் மையத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும், நேர் எதிர்த்திசையிலும் அதே தூரத்தில்தான் மேற்பரப்பு வரும். முட்டையைக் குறுக்கே வெட்டினால் வட்டம். எலிப்சாய்டின் மூன்று அச்சுகளும் மூன்று நீளத்தில் இருக்கலாம்.

காம்பஸ் காலிபரேஷன், அதாவது டிரோனின் திசைகாட்டியைச் சரிப்படுத்தும் வேலை, செய்யும்போது இந்த வித்தியாசம் கழுத்தைப் பிடிக்கும். டிரோனை எல்லாப் பக்கமும் சுழற்றி, காந்த உணரியின் அளவீடுகளைப் புள்ளிகளாக வைத்தால் அவை ஒரு கோளத்தின் மேல் விழ வேண்டும். நம் பக்கத்தில் புவிக்காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதுதான் ஆரம். டிரோனுக்குள் இருக்கும் காந்தங்கள் அந்தக் கோளத்தை இடம் நகர்த்திவிடும், இரும்புப் பாகங்கள் நசுக்கிவிடும், பிழைகள் புள்ளிகளைச் சிதறடிக்கும். அந்தச் சிதறலுக்குள் மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி) ஓர் எலிப்சாய்டைப் பொருத்துகிறார்கள். தேட வேண்டியவை 9 எண்கள்: மையத்துக்கு 3, அச்சு நீளங்களுக்கு 3, சாய்வுக்கு 3. முதலில் மையத்தைக் கண்டுபிடித்துக் கழிக்க வேண்டும். முட்டைக்கு எது மையம்? கையேட்டைப் படிக்கிறவன் இங்கேதான் முழிப்பான்.

சோம்பல்பட்டு ஒரு பக்கம் மட்டும் சுழற்றினால், விடை எலிப்சாய்டாகவே இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைக்காத கணக்கு அதிபரவளையத் திண்மத்தில் (ஹைபர்போலாய்டு) கொண்டுபோய் விட்டாலும் விடும். நீள்வட்டம், அதிபரவளையம் என்று சொல்லும்போது இரண்டும் ஒரே குடும்பம் என்பது தெரிகிறது. முட்டைக்கு எந்தக் குடும்பம்?

சிலர் 'நீள்கோளம்' என்கிறார்கள். முட்டைக்கு எவ்வளவோ மேல். ஆனால் ஜிபிஎஸ் பயன்படுத்தும் பூமி வடிவமும் ஓர் எலிப்சாய்டுதான்; அதில் நடுக்கோட்டு ஆரம் 6378.137 கி.மீ., துருவ ஆரம் 6356.752 கி.மீ. தட்டையானதை நீள்கோளம் என்பதா? அப்புறம், நம் பகுதியில் கடல் மட்டம் அந்த வடிவத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே இருக்கிறது. அதனால் 2637 மீட்டர் தொட்டபெட்டாவில் ஜிபிஎஸ்ஸின் திருத்தாத உயரம் அவ்வளவு குறைவாகக் காட்டும். கையேடு இதை 'முட்டையுரு உயரம்' என்கிறது. எந்தக் கோழி ஏறி அளந்ததோ!

நீள்வட்டத் திண்மம் என்பதே என் தேர்வு. எந்தத் தளத்தில் வெட்டினாலும் நீள்வட்டமே கிடைக்கும் (வட்டமும் அதில் அடக்கம்). பொருத்துவது மேற்பரப்பைத்தானே, திண்மம் எதற்கு என்று கேட்கலாம். 'நீள்வட்டப் பரப்பு' என்றால் பரப்பளவு என்று எடுத்துக்கொள்வார்கள். நீளமாக இருக்கிறது என்பவர்கள் எலிப்சாய்டு என்றே சொல்லட்டும், எனக்கு மறுப்பில்லை.

இதே கையேட்டில் 'நாய்சி டேட்டா'வுக்கு 'சத்தமுள்ள தரவு' என்று போட்டிருக்கிறார்கள். விசிறி போடும் சத்தம் என்றுதானே படிப்பவன் நினைப்பான்? 'பிழை கலந்த தரவு' என்று எழுத என்ன கஷ்டம்?