மசாலா வத்தியா, கூட்டு வத்தியா?

கோயில் மதிலோரம் கோணியை விரித்து ஊதுவத்தி விற்கும் பெரியவர் ஒருவரிடம் பல ஆண்டுகளாக வாங்கிவருகிறேன். அட்டைப்பெட்டி கிடையாது. தராசில் நிறுத்து, செய்தித்தாளில் சுருட்டி, நூல் சுற்றித் தருவார். தரும்போது ஒருமுறைகூடத் தவறாமல், "இது சென்ட் பத்தி இல்லை, மசாலா பத்தி" என்பார். அவர் பிரித்துக் காட்டும் அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இந்தச் சொற்களைக் கொஞ்சம் துருவிப் பார்க்க வேண்டும்.

வத்தி எளிது. விளக்குத் திரியைக் குறிக்கும் 'வர்த்தி' என்ற வடசொல் பிராகிருதத்தில் 'வத்தி' ஆகி நம்மிடம் வந்தது. மெழுகுவத்தி, கொசுவத்தி, வத்திப்பெட்டி எல்லாம் அதன் பிள்ளைகள். இந்தியில் அது 'பத்தி' ஆனது. அந்த வடிவமும் பின்னால் வந்து சேர்ந்தது. ஆகவே ஊதுவத்தி, ஊதுபத்தி இரண்டும் பிழையில்லை. பக்தியின் தமிழ் வடிவமான பத்திக்கும் இதற்கும் உறவு இல்லை.

'ஊது' அப்படியல்ல. வாயால் ஊதுவதுதான் உடனே நினைவுக்கு வருகிறது. ஆனால் சாமிக்கு ஏற்றும் வத்தியை வாயால் ஊதி அணைக்கக் கூடாது, கையை விசிறித்தான் சுடரை அணைக்க வேண்டும் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? செய்யக்கூடாத செயலே பொருளுக்குப் பெயராக நிற்குமா? அரபு மொழியில் 'ஊத்' என்றால் மரம், கட்டை. சிறப்பாக, அகில் கட்டை. இந்தியில் ஊத்பத்தி, மராத்தியில் உதபத்தி, கன்னடத்தில் ஊதுபத்தி என்று வரிசையாக இருப்பதைப் பார்த்தால், நம் 'ஊது'வும் அந்த 'ஊத்'தான் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தமிழ் நாக்குக்கு ஏற்ப ஓர் உகரம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஊதுவத்தி என்பதும் அகர்பத்தி என்பதும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன: அகில் திரி. வடமொழியில் அகரு, இந்தியில் அகர், தமிழில் அகில். "இருங்காழ் அகிலொடு வெள்ளயிர் புகைப்ப" என்கிறது நெடுநல்வாடை. வாடைக்காலத்தில் கரிய வயிரம் பாய்ந்த அகிலையும் வெள்ளிய கண்டசருக்கரையையும் நெருப்பிலிட்டுப் புகைத்த வீடுகள் அந்த வரியில் இருக்கின்றன. போர்ச்சுகீசியர் வாயில் இதே அகில் 'ஆகிலா' ஆகி, ஆங்கிலத்தில் கழுகின் பெயரோடு கலந்து 'ஈகிள்வுட்' ஆகிவிட்டது. மரத்துக்கும் கழுகுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இன்றைய அகர்பத்திகள் பெரும்பாலானவற்றில் அகிலும் இல்லை. அது அவ்வளவு அரிது. 1995 முதல் அகில் மர இனமொன்றின் உலக வணிகமே பன்னாட்டு ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இனி மசாலா. நமக்கு அது அடுக்களைச் சொல். ஆனால் அரபு 'மஸாலிஹ்' பாரசீகம் வழியாக இந்தியாவுக்குள் வந்தபோது, ஒன்றைச் செய்வதற்கு வேண்டிய பொருட்கள் என்ற பரந்த பொருளோடு வந்தது. இந்தியில் கொத்தனார் குழைக்கும் சாந்துக்கும் இன்றுவரை மசாலா என்றுதான் பெயர். ஊதுவத்தித் தொழில் அந்தப் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மணம் தரும் பொருட்களை இடித்து, சலித்து, பிசைந்து, அந்த மாவையே குச்சியில் உருட்டினால் அது மசாலா பத்தி. கரித்தூளையும் மரத்தூளையும் உருட்டிக் காயவைத்து, பிறகு வாசனை எண்ணெய்க் கலவையில் முக்கி எடுத்தால் அது சென்ட் பத்தி. முதலாவதில் மணம் உடம்போடு பிறக்கிறது. இரண்டாவதில் மேலே பூசப்படுகிறது.

மாவில் சந்தனத்தூள், வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு, சாம்பிராணி, சில சமயம் தேன்கூட இருக்கும். சேர்த்துப் பிடிக்க ஜிகட் என்ற மரப்பட்டைத் தூள். நீர் பட்டதும் பசையாகிவிடும். பலகையில் ஒரு சிட்டிகை மாவை வைத்து, மூங்கில் குச்சியைக் கிடத்தி, உள்ளங்கையால் ஒரே தள்ளு தள்ளினால் மாவு குச்சி நெடுக ஓடிவிடுகிறது. ஒட்டாமலிருக்க உலர்ந்த தூளில் ஒரு புரட்டு. பிறகு நிழலில் உலர்த்தல். வெயில் பட்டால் மணம் போய்விடும். இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்பதுதான் கூலிக் கணக்கு.

பழைய மசாலா வத்திகளின் உயிர் 'ஹால்மட்டி' என்று இந்தத் தொழிலில் பெருமையாகச் சொல்வார்கள். ஏதோ வெளிநாட்டுச் சரக்கு போலத் தோன்றும். அது கன்னடச் சொல். கன்னட 'ஹாலு' தமிழின் பால்; நம் பகரம் அங்கே ஹகரமாகும். மட்டி மரத்தின் பால். தமிழில் அதற்கு மட்டிப்பால் என்று தனிப்பெயரே உண்டு. மரத்தைக் கீறினால் வடியும் பிசின் இது. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் இது சேர்ந்த வத்தி தொட்டால் மெதுவாக இருக்கிறது. அதே மரத்தில் தீக்குச்சியும் செய்கிறார்கள். ஒரே மரம் ஏற்றவும் செய்கிறது, மணக்கவும் செய்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

அப்படியானால் மசாலா வத்திக்குத் தமிழ் என்ன? நறுமணக்குச்சி என்று எழுதுகிறார்கள். அது எல்லா ஊதுவத்திக்கும் பொருந்திவிடும், செய்முறையைச் சொல்லாது. விரை என்பது மணப்பொருளுக்கு நல்ல பழஞ்சொல். கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியவற்றை ஐவகை விரை என்றார்கள். ஆனால் இன்று விரை என்று எழுதினால் விதை என்றோ விரைவு என்றோ படிப்பார்கள். என் தேர்வு 'கூட்டு'. சந்தனக் கூட்டு என்ற வழக்கு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. மசாலாவைப் போலவே கூட்டும் அடுக்களைக்கும் மணத்துக்கும் பொது. கூட்டு வத்தி என்றால் பிசைந்த கையும் தெரிகிறது. சென்ட் பத்தியைத் தோய்த்த வத்தி எனலாம். பொதுச்சொல்லாக ஊதுவத்தியே இருக்கட்டும். வேர் வெளியிலிருந்து வந்தாலும் அது நம் வீட்டுச் சொல்லாகி நெடுநாள் ஆயிற்று.

மினுங்கும் பெட்டியில் மசாலா என்று அச்சிட்டு உள்ளே தோய்த்த வத்தியை வைத்து விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சொல்லை உண்மையாகச் சொல்லி விற்கும் மதிலோரத்துக்காரரின் பிழைப்பை அது தின்கிறது. வாங்கும்போது ஒரு குச்சியைக் கேட்டு எடுத்துப் பாருங்கள். கருகருவென்று வழவழப்பாக இருந்து, ஏற்றுமுன்பே மூக்கைக் குத்தினால் பெரும்பாலும் தோய்த்தது. மண்நிறத்தில், மேலே மெல்லிய தூள் படிந்து, நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிந்தால் கூட்டு வத்தி. போன வாரம் பெரியவர் ஒரு கட்டை என் கையில் வைத்து, "மழை ஈரம் இருக்கிறது ஐயா, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு ஏற்றுங்கள்" என்றார். இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது, அறை முழுக்க வெட்டிவேர்.